விட்டுப்போன மை

காலை எட்டு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு தகரப் பெட்டி. பள்ளிக்கூட வாசலின் ஈரப் படியில், பூட்டுப் போட்டு, பூட்டை நம்பாமல் சணல் கயிறும் கட்டி வைத்திருந்தார்கள். பனிமூட்டத்தில் பெட்டிக்குப் பின்னால் ஒரு குடை தெரிந்தது. குடைக்குப் பின்னால் இன்னொரு குடை. பத்தடி நடந்த பிறகுதான் அது ஒரு வரிசை என்று புரிந்தது. எண்ணினேன். (பழக்கதோஷம். செய்தியில் ‘பெருங்கூட்டம்’ என்று எழுதினால் எங்கள் செய்தி ஆசிரியர் பேனாவை வீசுவார்.) நாற்பத்து மூன்று பேர். என்னைப் பார்த்ததும் எல்லோரும் குடையை மடக்கினார்கள், தூறல் நிற்காதபோதே.

அத்தனை பேரையும் அங்கே நிறுத்தியவள் நான்தான். நான் எழுதாமல் விட்ட ஒரே ஒரு எழுத்து.

பிழை திருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, சுடுகாட்டுப் பலகை என்று அடுத்தவர் எழுதிய எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். தான் எழுதியதை மட்டும் இரண்டாவது முறை படிக்க மாட்டார்கள். மதுரையில் ஒரு நாளிதழில் பத்தொன்பது ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். தலைப்புகளைப் பத்தி அகலத்துக்குள் அடக்குவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு எழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் வெட்டிக் கொடுப்பேன்.

கணவருக்கு வங்கியில் கொடைக்கானலுக்கு மாற்றல் வந்தது. வேலையை விட்டுவிட்டு நானும் மலையேறினேன். மூன்று மாதம் பனியைப் பார்த்தேன். நான்காவது மாதம், பெருமாள்மலையிலிருந்து கீழே இறங்கும் ஒரு கிளைச் சாலையில், சின்ன நடுநிலைப் பள்ளி ஒன்றில் நூலக வகுப்பு எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தலைமையாசிரியர் மரியதாஸ் சார் நூலகத்தைத் திறந்து காட்டினார். அது ஒரு மர அலமாரி. அதற்குள் துடைப்பமும் இருந்தது.

“வாரத்துக்கு ரெண்டு நாள் வாங்க மேடம். பிள்ளைங்க சத்தம் போடாம இருந்தாப் போதும்” என்றார்.

நான் போதும் என்று நினைக்கிற ஆள் இல்லை. அன்று இல்லை. சென்னையிலிருந்து ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் வரவழைத்தேன். உரிமைக்காக நின்ற சிறுவர் சிறுமியரின் கதைகள், மெல்லிய மொழிபெயர்ப்புகள், பெரிய எழுத்து, பக்கத்துக்கொரு படம். பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான அமெரிக்கக் கறுப்பினப் பள்ளி மாணவி, காவலர் புடைசூழத் தனியாகப் பள்ளிக்கு நடந்துபோன சின்னப் பெண், ஊர்வலம் போய்ச் சிறைக்குப் போன பிள்ளைகள். இவர்களை ஏழாம் வகுப்புக்கு அறிமுகப்படுத்தி, இந்த மலையில் ஒரு விழிப்பை உண்டாக்குவது என் திட்டம். (திட்டம் என்று ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். அந்த நோட்டு இப்போது பால் கணக்குக்குப் பயன்படுகிறது.)

முதல் வகுப்பில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு அமெரிக்கப் பேருந்து செய்தோம். முத்துப்பாண்டி நடத்துநர். அவன் அமெரிக்காவைப் பற்றிக் கவலைப்படவில்லை. “ஏலே, படியில நிக்காத, உள்ள போ. உள்ள போங்கறேன்ல” என்று வகுப்பு முழுவதையும் இரண்டு பெஞ்சுக்குள் திணித்துவிட்டான்.

“அந்தப் பெண்ணை எழுந்திருக்கச் சொல்கிறார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. ஏன்?” என்று கேட்டேன்.

“சீட்டு கெடச்சதே பெரிசு மிஸ். எதுக்கு எந்திரிக்கணும்?”

“நின்னுக்கிட்டு வந்தா வளைவுல வாந்தி வரும் மிஸ்.”

இரண்டையும் கரும்பலகையில் எழுதி, மேலே ‘உரிமையுணர்வு’ என்று தலைப்பிட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து தர்ஷிகா கை தூக்கினாள். சிவப்பு ஸ்வெட்டர், எண்ணெய் வைத்து வாரிய தலை. வகுப்பிலேயே வேகமாகப் படிக்கிறவள். பிழை திருத்தும் குறிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன் (எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்). எழுத்து விட்டுப்போன இடத்தில் கூரை மாதிரி ஒரு குறி, விட்டுப்போன எழுத்து கூரைக்கு மேலே. மற்றவர்கள் அதை வைத்து வீடு வரைந்தார்கள். தர்ஷிகா மட்டும், நான் கரும்பலகையில் விட்ட ஒரு ‘ர்’-ஐக் கண்டுபிடித்து, எழுந்து வந்து கூரை போட்டு, எழுத்தை ஏற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் தனி மரியாதை.

“மிஸ், போலீசு புடிச்சப்ப அந்தப் புள்ளகிட்டப் பேப்பர் கேட்டாங்களா?”

“பேப்பரில் எல்லாம் வந்தது தர்ஷிகா. செய்தியாகவே வந்தது” என்றேன்.

அவள் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். நான் மகிழ்ந்து போனேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பத்திரிகையில் எவ்வளவு ஈடுபாடு என்று அன்று மாலை கணவரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் ‘சிவில் உரிமை’ என்று எழுதி, சிவில் என்றால் என்ன என்று கேட்டேன்.

“சிவில் கேஸு மிஸ். எங்க சித்தப்பா மேல ரெண்டு கெடக்கு.”

“சிவில் சப்ளை மிஸ். பாமாயில் போடுவாங்க.”

ஆகவே, நல்ல தமிழ்ச் சொல்லே போடுவோம் என்று முடிவு செய்தேன். குடிமையுரிமை. குடிமகனாக வாழ்கிற ஒருவருக்குச் சமமாக நடத்தப்படும் உரிமை. சொல் அழகாக இருந்தது. பிள்ளைகள் ஐந்து முறை சொன்னார்கள். பிறகு அதைப் பெற்றோருக்கும் கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. எனக்கே தோன்றியது.

பெற்றோருக்கு ஒரு அறிவிப்பு தயார் செய்தேன். ஒரு தாளில் இரண்டு வருகிற மாதிரி அரைத்தாள் அளவு. தலைப்பைப் பெரிய எழுத்தில் வைத்தேன்: ‘குடிமையுரிமை வெள்ளி’. ‘ளி’ மட்டும் அடுத்த வரியில் போய் விழுந்தது. அதைப் பார்த்ததும் பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் விழித்துக்கொண்டது. எழுத்தைச் சின்னதாக்கலாம் என்பது தோன்றவேயில்லை. நடுவிலிருந்து ஒரு ‘மை’யைத் தூக்கினேன். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. சீராக இருக்க வேண்டுமே என்று உள்ளே வந்த இடத்திலும் தூக்கினேன். அச்சுக்குப் போன வாசகம் இது:

‘பெற்றோர் கவனத்துக்கு: குடியுரிமை வெள்ளி. வரும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குடியுரிமை தொடர்பாகப் பெற்றோர் தவறாமல் வரவும். இதற்காக உங்கள் குடும்பம் பட்ட பாட்டைப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதி அனுப்பவும். பழைய தாள்கள், புகைப்படங்கள் இருந்தால் எடுத்து வரவும்.’

கீழே கையெழுத்திட்டு, ‘பொறுப்பு அலுவலர்’ என்று போட்டேன். அப்படி ஒரு பதவி இல்லை. வெறும் பெயர் மொட்டையாக இருந்தது. அதுவும் போதாமல் மரியதாஸ் சாரிடம் போய்ப் பள்ளி முத்திரையைக் கேட்டேன். அவர் தேர்வுத் தாள் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல் மேசை இழுப்பறையைக் காட்டினார்.

அந்த வகுப்பில் பாதிக்கு மேல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் காத்திருந்து வந்து, இந்த மலையில் குடியமர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். இது எனக்குத் தெரியும். தெரியும் என்றால், ஒரு தகவலாகத் தெரியும்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வரலாம்.

நாற்பத்து மூன்று பேரைப் பார்த்ததும் ஒரு பொறுப்பான பத்திரிகையாளர் என்ன செய்ய வேண்டும்? யாரிடமாவது ‘எதற்கு வந்தீர்கள்’ என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. புத்தகத்துக்காக, தூறலில், ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டு மணிக்கே வந்து நிற்கும் மக்கள். படியில் ஏறி நின்று பேசினேன்.

“இவ்வளவு பனியில், உரிமை என்கிற ஒரே சொல்லுக்காக இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்.”

“வராம என்னங்க பண்றது” என்றார் முன்னால் நின்ற ஒருவர்.

அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

தகரப் பெட்டிக்காரரின் பெயர் சுப்பையா. பேத்தி எங்கள் வகுப்பு. கயிற்றை அவிழ்த்து, பூட்டைத் திறந்து, ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து, அதிலிருந்து மெழுகுத்துணிப் பொட்டலத்தை எடுத்து, அதைப் பிரித்துப் பழைய பாஸ்போர்ட் ஒன்றை என் கையில் வைத்தார். ஓரம் கரையான் அரித்திருந்தது. கப்பலில் வந்த சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்தில் கொடுத்த ஏதோ ஒரு சான்று எல்லாம் அடுக்காக வந்தன. வாய்மொழி வரலாறு தானாக நடந்து வந்து கையில் விழுகிறது என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

“படம் எடுத்துக்கொள்ளட்டுமா ஐயா?”

“எடுத்துக்கங்க. எல்லாப் பக்கமும் எடுத்துக்கங்க. பின்னாடியும் சீல் இருக்கு.”

கைபேசியில் எடுத்தேன். அவர் தயங்கி, “பேரு எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லிருங்கம்மா” என்றார்.

எழுத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் ஒருவர் கேட்டால் நான் வேறென்ன செய்வேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தேன். குடும்ப அட்டையில் ‘சுப்பையா’. இன்னொரு தாளில் ‘சுப்பைய்யா’.

“இதில் ஒரு ‘ய்’ அதிகமாக இருக்கிறது. பிழை” என்றேன், தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவரிடம் போனேன். ஆனால் நான் சொன்னது எனக்கு முன்னால் போய்விட்டது. வரிசையில் செய்தி எப்படிப் போகும் என்று பத்திரிகையில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது ஆளிடம் அது ‘பேர்ல எழுத்து பெசகுன்னா ஏத்துக்க மாட்டாங்களாம்’. இருபதாவது ஆளிடம் ‘படம் புடிச்சு மேல அனுப்புறாங்களாம்’. கடைசி ஆளிடம் போய்ச் சேர்ந்தபோது என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் நின்றவள் தர்ஷிகாவின் அம்மா யோகராணி. எட்டு ஐம்பதுக்கு அவள் வரிசையிலிருந்து விலகினாள். கையில் மஞ்சள் பை. இன்னொரு கையில் தர்ஷிகா. தர்ஷிகாவின் கையில் நான் படிக்கக் கொடுத்த புத்தகம், பேருந்துப் பெண்ணின் கதை. இருவரும் பள்ளிக்குள் வராமல் சாலைப் பக்கம் இறங்கினார்கள். சிவப்பு ஸ்வெட்டர் பனிக்குள் போய் மறைகிறவரை பார்த்தேன். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தாளைப் படம் எடுத்தேன்.

நான் தொடர்ந்து முன்னேறினேன். இலங்கையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் நிலப் பட்டாவோடு நின்றார். ஒரு பெண் இரண்டு சாதிச் சான்றிதழும் ஒரு மாட்டுக் காப்பீட்டுத் தாளும் வைத்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் டீக் கேனோடு வந்து சேர்ந்திருந்தார்.

ஒன்பது பத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் நனைந்த பைக்கில் வந்து இறங்கினார்.

“இங்க யாருங்க பொறுப்பு அலுவலர்?”

கை தூக்கினேன். சந்தோஷமாகவே தூக்கினேன்.

“எந்த ஆபீஸ் மேடம்?”

“வாசிப்பு” என்றேன்.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். “வெள்ளனே ஆறு மணியில இருந்து போன் மேல போன். குடியுரிமை குடுக்குறாங்களா, புடுங்குறாங்களான்னு கேக்குறாக. எனக்கே தெரியாம எப்பிடிங்க இது?”

மரியதாஸ் சார் ஓடி வந்தார். அலுவலர் பாக்கெட்டிலிருந்து என் அரைத்தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். சார் அதை இரண்டு முறை படித்தார். முத்திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நான் சீலைத்தான் குடுத்தேன் மேடம். நாட்டையா குடுத்தேன்?”

தாளை வாங்கி நானும் படித்தேன். அதை நான் படித்தது அதுதான் முதல் தடவை. எழுதியபோது எழுதினேன், படிக்கவில்லை. ‘குடியுரிமை தொடர்பாக’. ‘தவறாமல்’. ‘பழைய தாள்கள்’. ‘பொறுப்பு அலுவலர்’. ஒரு மலைக் கிராமத்தைத் தூங்கவிடாமல் செய்யச் சொல்லி எனக்குச் சம்பளம் கொடுத்திருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக எழுதியிருக்க முடியாது.

மறுபடி படியில் ஏறினேன்.

“இது குடியுரிமை இல்லை. குடிமையுரிமை. ஒரு ‘மை’ விட்டுப்போய்விட்டது.”

“அது வேற, இது வேறயா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“வேறம்மா.”

“இதுல எது எங்ககிட்ட இல்ல?”

நான் அலுவலரைப் பார்த்தேன். அவர் பைக் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எதுக்குத்தான் கூப்பிட்டீங்க?” என்றார் பட்டாக்காரர். “சோலியப் போட்டுட்டு வந்து நிக்கிறேன்.”

“ஒரு கதை சொல்வதற்காக” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் சிரித்தது. நிம்மதியில் வருகிற சிரிப்பு அது, நீடிக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் நின்று, நான் எடுத்த படத்தை அழிக்கச் சொல்லி, அழிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். சுப்பையா கடைசியாக வந்தார்.

“அப்ப அந்த ‘ய்’ இருக்கலாமாம்மா?”

“இருக்கலாம் ஐயா. ஒன்றும் செய்யாது.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். சீல் கேட்டார். மரியதாஸ் சார் இழுப்பறையைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். தர்ஷிகா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. “பயந்திருக்கும். வரும் வரும்” என்றார் சார். புதன்கிழமை அவள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். ஆறு வீடு ஒரே கூரையின் கீழ். நான்காவது வீட்டில் பூட்டுக் கூட இல்லை. கொக்கியில் ஒரு குச்சி செருகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே பேசினாள்.

“சனிக்கிழம வெள்ளனேயே கெளம்பிட்டாக. பூண்டியில வேலைன்னு சொன்னாக. பள்ளிக்கூடத்துல இருந்து துண்டு வந்துச்சுல்ல, அதுல இருந்து அவ புருசன் சோறே திங்கல.”

“அது தவறாக அச்சாகிவிட்டது” என்றேன்.

“அப்பிடித்தான் சொல்லிக்கிட்டாக” என்றாள்.

வியாழக்கிழமை கொடைக்கானலிலிருந்து பூண்டி பஸ் பிடித்தேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஏழெட்டு வளைவுக்குள் வாந்தி பற்றி வகுப்பில் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிட்டது. அப்போது சீருடை போட்ட ஒரு சிறுமி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். “ஒக்காருங்க மிஸ்” என்றாள். யாருடைய மிஸ்ஸோ நான். அவளுடைய மிஸ் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். மன்னவனூர் தாண்டும்வரை அவள் நின்றுகொண்டே வந்தாள்.

பூண்டியில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஏழெட்டுப் பெண்கள் பூண்டின் தண்டை அரிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் யோகராணி இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

“ஒக்காருங்க மிஸ்.”

அந்த வாரம் எல்லோரும் எனக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

“தர்ஷிகா எங்கே?”

“இங்க இல்ல மிஸ். அவுங்க அப்பாவோட போயிருச்சு.”

“எங்கே?”

அவள் பூண்டுக் கட்டைத் திருப்பி வைத்தாள். நான் பையிலிருந்து புது அறிவிப்பை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டு, விளக்கி, ‘மை’யோடு அடித்தது. ஒரு எழுத்துதான் விட்டுப்போனது என்று சொன்னேன்.

“ஒரு எழுத்தா?”

“ஒரே எழுத்து.”

“எங்க மாமனாருக்கும் அப்பிடித்தான் மிஸ்” என்றாள், கோபமில்லாமல். “அங்க இலங்கைத் தோட்டத்துல இருக்கையிலேயே இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டாராம். பேர்ல ஒரு எழுத்து மாறிக் கெடக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். திரும்ப எழுதறதுக்குள்ள கலவரம் வந்துருச்சு. தர்ஷிகா அப்பாவ ஏழு வயசுல வள்ளத்துல ஏத்திக் கடல் தாண்டிக் கூட்டியாந்தாக. அகதி முகாம்ல இருந்தாரு. பெறகு வேல தேடி வெளிய வந்துட்டாரு. எனக்குத் தாள் இருக்கு மிஸ். அவரு பேர்ல ஒரு துண்டும் கெடையாது.”

“என்ன எழுத்து?” என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே கேட்டது.

“தெரியாது மிஸ். இங்கிலீசு எழுத்து.”

போலீஸ் பிடித்தபோது அந்தப் பெண்ணிடம் பேப்பர் கேட்டார்களா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நான் அவளுக்குச் செய்தித்தாளைப் பற்றிச் சொன்னேன். பூண்டியில் அந்தக் கூடையின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. மூன்று வாரம் ஆகியிருந்தது.

“யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்” என்றேன்.

“நீங்க கேக்க மாட்டீங்க மிஸ்” என்றாள் யோகராணி. “நீங்க நல்லவங்க. படத்தக் கூட அழிச்சுட்டீங்கன்னு சொன்னாக.”

கிளம்பும்போது ஒரு கட்டுப் பூண்டைப் பையில் வைத்தாள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவாள் என்று வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்த பஸ் முழுக்க என் பை மணத்தது. வெள்ளிக்கிழமை மரியதாஸ் சார் தனக்குத் தெரிந்த இரண்டு பள்ளிகளுக்குப் போன் செய்து கேட்டார். அப்படி ஒரு பெண் சேரவில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கதை நன்றாக நிலைத்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்தியில் கணவர் ஆரம்பிப்பார். “நாட்டுல எல்லாரும் அரசாங்கத்துகிட்டக் குடியுரிமை கேப்பாங்க. என் வீட்டுக்காரி ஒரு நாட்டாமையாட்டம் ஜனங்ககிட்டக் கேட்டுப்புட்டா.” தகரப் பெட்டி, மாட்டுக் காப்பீடு, டீக் கேன் எல்லாம் வரிசையாக வரும். ‘நாட்டையா குடுத்தேன்’ என்ற இடத்தில் மரியதாஸ் சாரின் குரலிலேயே சொல்வார். குடும்ப வாட்ஸப் குழுவில் நான் எது எழுதினாலும் கீழே யாராவது ‘மை இருக்கா?’ என்று போடுகிறார்கள். என் நாத்தனார் மகனின் கல்யாணப் பத்திரிகையை நான் மெய்ப்புப் பார்த்தபோது, நான்கு பேர் பின்னால் நின்று ‘மை’ எண்ணினார்கள். தேர்தலன்று மகள் மதுரையிலிருந்து போன் செய்தாள். “அம்மா, மை வச்சாங்களா? பார்த்து வைக்கச் சொல்லு, உன்கிட்ட விட்டுப்போயிரும்.” நானும் சிரித்தேன். கதை நல்ல கதைதான். அலுவலர் பைக்கில் திரும்பிப் போகிற இடத்தில் கணவர் அதை முடித்துவிடுவார். பூண்டிக்குப் போன பகுதியைப் பந்தியில் யாரும் சொல்வதில்லை.

நூலக வகுப்பு இன்னும் எடுக்கிறேன். அறிவிப்பு எழுதுவதில்லை.

ஏப்ரல் மாதம், முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், பெருமாள்மலை நிறுத்தத்தில் நின்றபோது திண்டுக்கல் பஸ்ஸிலிருந்து நடத்துநர் எட்டிப் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துல கதப் புத்தகம் குடுக்குற மிஸ் நீங்கதானுங்களே? ஒரு ஆளு குடுக்கச் சொன்னாரு.”

“யார்?”

“தெரியலிங்க. பஸ் ஸ்டாண்டுல வெரசாக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

உரச் சாக்கில் சுற்றி, சணல் கட்டிய பொட்டலம். பிரித்தேன். பேருந்துப் பெண்ணின் கதை. அட்டை கிழியவில்லை. நாற்பதாம் பக்கத்தில் என் அரைத்தாள் நான்காக மடித்து வைத்திருந்தது. தலைப்பில் ‘டி’க்கும் ‘யு’வுக்கும் நடுவில், வரிக்கு அடியில், பென்சிலால் ஒரு கூரை. மேலே ‘மை’. உள்ளே வந்த இடத்திலும் அப்படியே.

பள்ளிக்குப் போய் நூலகப் பதிவேட்டை எடுத்தேன். வரிசை எண் நாற்பத்தொன்று. தர்ஷிகா, ஏழாம் வகுப்பு. கடைசிக் கட்டத்தில் ‘புத்தகம் திரும்ப வந்தது’ என்று எழுதித் தேதி போட்டேன்.